மேடையில் எங்கே தடுமாறுகிறது? பேச்சுக்கும் விவாதத்துக்கும் பிழை நீக்கும் வழிமுறை

மேடையில் தெரியும் பிழைகளில் பெரும்பாலானவை தாளிலேயே தொடங்கிவிடுகின்றன. குரலையும் கையசைவையும் திருத்தப் போகும் முன் எழுதி வைத்திருக்கும் உரையைத் திருத்துங்கள். செலவு குறைவு, பலன் அதிகம்.

உங்களுக்குத் தோன்றும் அறிகுறியை மட்டும் நம்ப வேண்டாம். "குரல் எடுபடவில்லை" என்று வருபவருக்கு வாக்கியங்கள் நீளமாக இருக்கும். "பயமாக இருக்கிறது" என்பவர் உரையை முந்தின இரவுதான் எழுதி முடித்திருப்பார். முதலில் கைபேசியைக் கடைசி வரிசை நாற்காலியில் சாய்த்து வைத்து, நின்றபடி, நிறுத்தாமல் முழு உரையையும் பேசிப் பதிவு செய்யுங்கள். திரையைக் கவிழ்த்து வைத்து ஒலியை மட்டும் ஒருமுறை கேளுங்கள். ஒலியை அணைத்துவிட்டு இன்னொரு முறை பாருங்கள். தடுமாறும் இடங்களின் நிமிடத்தையும் நொடியையும் உரைத்தாளின் ஓரத்தில் குறியுங்கள். அந்தக் குறிப்போடு கீழே உங்கள் அறிகுறியைத் தேடுங்கள்.

## அறிகுறி 1: மணி அடித்தும் உரை முடியவில்லை

சொற்களை எண்ணுங்கள். ஆங்கிலத்தில் நிமிடத்துக்கு 130, 140 சொல் என்று சொல்லப்படும் கணக்கு தமிழுக்குப் பொருந்தாது. உருபும் விகுதியும் ஒட்டி நம் சொற்கள் நீண்டவை. நிதானமாகப் பேசுபவருக்கு நிமிடத்துக்கு 80 முதல் 100 சொல் வரும். 5 நிமிட உரைக்கு 400 சொல் எழுதினால் மூச்சுக்கும் இடைநிறுத்தத்துக்கும் இடம் இருக்கும். உங்கள் சொந்த வேகம் தெரிய வேண்டுமானால், பதிவின் மூன்றாவது நிமிடத்தில் பேசிய சொற்களை எண்ணுங்கள். முதல் நிமிடத்தில் படபடப்பால் வேகம் கூடியிருக்கும்.

20 நொடி வரை மிகுதி: விளிப்பைக் குறையுங்கள். தலைவர், சிறப்பு விருந்தினர், நடுவர் பெருமக்கள், ஆசிரியப் பெருந்தகைகள், சக மாணவ மாணவியர் என்று ஒவ்வொருவரையும் "அவர்களே" போட்டு அழைத்தால் கால் நிமிடம் போய்விடும். "நடுவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம்" போதும். மரியாதை எதுவும் குறைந்துவிடாது.

ஒரு நிமிடமோ அதற்கு மேலோ மிகுதி: ஒரு கருத்தை முழுதாக நீக்குங்கள். எல்லாக் கருத்திலும் ஓரிரு வரி வெட்டினால் ஒவ்வொன்றும் மெலியும், நேரமும் பெரிதாகக் குறையாது. வேகமாகப் பேசி ஈடுகட்டுவது எப்போதும் தோற்கும் வழி.

வீட்டில் சரி, மேடையில் மிகுதி: மனசுக்குள்ளோ முணுமுணுத்தோ ஒத்திகை பார்த்திருக்கிறீர்கள். எழுந்து நின்று முழுக்குரலில் பேசினால்தான் உண்மையான நேரம் தெரியும்.

நேரத்துக்கு முன்பே முடிந்துவிடுகிறது: மேடையில் வேகம் கூடியிருக்கிறது. கருத்து மாறும் இடங்களில் இரட்டைக் கோடு போட்டு, அங்கே வாயை மூடி ஒரு முழு மூச்சு எடுங்கள்.

எந்த மணிக்கு என்ன பொருள் என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். விதி இடத்துக்கு இடம் மாறும். பேச்சுப் பயிற்சிக்கான டோஸ்ட்மாஸ்டர்ஸ் மன்றங்களில் 5 முதல் 7 நிமிட உரைக்கு 5-ஆவது நிமிடத்தில் பச்சை விளக்கு, 6-இல் மஞ்சள், 7-இல் சிவப்பு. போட்டியில் நாலரை நிமிடத்துக்குக் குறைந்தாலும் ஏழரை நிமிடத்தைத் தாண்டினாலும் தகுதி நீக்கம்.

## அறிகுறி 2: நடுவில் மறந்துபோகிறது

வகுப்புகளில் மிகுதியாக வரும் கோளாறு இது. எங்கே மறக்கிறது என்பதைப் பொறுத்துத் தீர்வு மாறும்.

### ஒவ்வொரு முறையும் அதே இடத்தில்

அந்த இடத்தில் இணைப்பு இல்லை. "மேலும்", "அதுமட்டுமல்லாமல்", "அடுத்ததாக" என்று தொடங்கும் பத்திகளைப் பாருங்கள். பெரும்பாலும் அங்கேதான் இடறும். மழைநீர் சேகரிப்பு பற்றிய உரை என்று வைத்துக்கொள்வோம். "2003-இல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது" என்ற பத்திக்குப் பிறகு "மேலும், மழைநீர் நிலத்தடி நீரை உயர்த்துகிறது" என்று தொடங்கினால் மனம் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. முதல் பத்தியை "அன்று போட்ட குழாய் வழியாக இன்றும் தண்ணீர் இறங்குகிறதா?" என்று முடியுங்கள். அடுத்ததை "உங்கள் வீட்டுத் தொட்டியின் மூடியைத் திறந்து பாருங்கள்" என்று தொடங்குங்கள். கேள்வியைச் சொன்னதும் பதில் தானே வாய்க்கு வரும்.

### ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில்

சொல்லுக்குச் சொல் மனப்பாடம் செய்ததன் விளைவு. சோதனை எளிது: பாதியில் ஒருவர் உங்களை நிறுத்தி "மூன்றாவது கருத்து என்ன?" என்று கேட்கட்டும். முதல் வரியிலிருந்து ஒப்பித்துக்கொண்டு வந்தால்தான் மூன்றாவதை எட்ட முடிகிறது என்றால் ஒரு சொல் தவறினாலும் முழு உரையும் போய்விடும்.

தாளை மூடி வைத்துவிட்டு, ஒவ்வொரு பத்தியின் சாரத்தையும் வீட்டில் பேசும் தமிழில் யாரிடமாவது சொல்லுங்கள். சொல்ல வரவில்லை என்றால் அந்தப் பத்தி உங்களுக்கே இன்னும் புரியவில்லை, மாற்றி எழுதுங்கள். சொல்ல முடிந்த பிறகு ஒவ்வொரு பத்தியையும் மூன்று சொல் குறிப்பாகச் சுருக்கி, அஞ்சலட்டை அளவுள்ள கெட்டி அட்டையில் எழுதுங்கள். ஐந்து வரிக்கு மேல் வேண்டாம். கையை நீட்டிப் பிடித்தாலும் படிக்கும்படி எழுத்து பெரிதாக இருக்கட்டும். எண்கள், பெயர்கள், மேற்கோள்கள் மட்டும் முழுதாக. முதல் இரண்டு வாக்கியத்தையும் கடைசி வாக்கியத்தையும் மனப்பாடம் செய்யலாம். மற்றவை குறிப்பிலிருந்து வரட்டும்.

ஒத்திகையைக் கடைசிப் பத்தியிலிருந்து தொடங்குங்கள். முதலில் கடைசிப் பத்தி, பிறகு கடைசி இரண்டு, பிறகு மூன்று என்று பின்னிருந்து முன்னால் வாருங்கள். பலருக்கும் முதல் பத்தி நூறு முறையும் முடிவு பத்து முறையும் பழகியிருக்கும். இப்படிச் செய்தால் பேசப் பேச நன்கு பழகிய பகுதிக்குள் போவீர்கள்.

### முதல் வரியே வரவில்லை

விருந்தினர் பெயர்களையும் பட்டங்களையும் நினைவிலிருந்து சொல்ல முயல்வதுதான் வழக்கமான காரணம். அவற்றை அட்டையில் எழுதிப் பார்த்தே படியுங்கள். மைக் முன் வந்ததும் பேசிவிடாதீர்கள். இரு கால்களையும் ஊன்றி, மூச்சை வெளியே விட்டு, கடைசி வரிசையில் ஒருவரைப் பார்த்த பிறகு வாய் திறங்கள்.

### பிறர் எழுதிக் கொடுத்த உரை

பள்ளிப் பிள்ளைகளிடம் மறதி என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி இதுதான். ஆசிரியரோ பெற்றோரோ எழுதிய செந்தமிழைப் பிள்ளை சுமக்கிறது. உரையிலிருந்து ஐந்து சொல்லைத் தேர்ந்து பொருள் கேளுங்கள். விழித்தால் அந்தச் சொற்களைப் பிள்ளைக்குத் தெரிந்த சொல்லாக மாற்றுங்கள். அடுத்த உரைக்குப் பிள்ளையைப் பேசவிட்டு, அது சொல்வதை நீங்கள் எழுதுங்கள். பரிசு ஒன்று குறைந்தாலும் பரவாயில்லை. தன் சொல்லில் பேசிப் பழகாத பிள்ளை வளர்ந்த பிறகு மேடையை விட்டே ஒதுங்கிவிடும்.

### மேடையிலேயே மறந்துவிட்டால்

நிறுத்துங்கள். கடைசியாகச் சொன்ன கருத்தை வேறு சொற்களில் ஒருமுறை சொல்லுங்கள். அட்டையைப் பாருங்கள். விடுபட்டதை விட்டுவிட்டு அடுத்த குறிப்புக்குப் போங்கள். "மன்னிக்கவும், மறந்துவிட்டேன்" என்று சொல்ல வேண்டாம். உங்கள் தாளில் என்ன இருந்தது என்று நடுவருக்குத் தெரியாது.

## அறிகுறி 3: கேட்பவர்கள் கவனம் சிதறுகிறது

கண் தாளில் இருக்கிறதா? ஒலியில்லாத பதிவில் தெரியும். முழுத்தாளை விட்டுவிட்டு அட்டைக்கு மாறுங்கள்.

வாக்கியம் நீளமா? தமிழில் வினைமுற்று கடைசியில் வருகிறது. "சென்று, கண்டு, உணர்ந்து, எண்ணி" என்று எச்சமாக அடுக்கினால், யார் என்னதான் செய்தார் என்று கேட்பவர் முடிவு வரைக்கும் காத்திருக்க வேண்டும். படிக்கும்போது கண் திரும்பிப் போய்ப் பார்க்கும்; காது திரும்பிப் போகாது. பத்துப் பன்னிரண்டு சொல்லுக்கு ஒரு வினைமுற்று வரும்படி உடையுங்கள்.

மேற்கோள் மிகுதியா? 5 நிமிடத்துக்கு இரண்டு போதும். குறளானால் நூலைத் திறந்து சொல்லையும் எண்ணையும் சரிபாருங்கள். கலாம், விவேகானந்தர், ஐன்ஸ்டைன் பெயர்களில் வாட்ஸ்அப்பில் உலவும் வரிகளில் பல அவர்கள் சொல்லாதவை. எந்த நூலில், எந்த உரையில் என்று உங்களால் காட்ட முடியாவிட்டால் விட்டுவிடுங்கள்.

தலைப்பு அகலமா? செலவு மிகுந்த பழுது இதுதான், உரையை மீண்டும் எழுத வேண்டும். கேட்டவர் எதை நம்ப வேண்டும் அல்லது என்ன செய்ய வேண்டும் என்பதை 12 சொல்லுக்குள் ஒரே வாக்கியமாக எழுதிப் பாருங்கள். எழுத முடியவில்லை என்றால் தலைப்பைச் சுருக்குங்கள். "தமிழும் தொழில்நுட்பமும்" என்பதை ஐந்து நிமிடத்தில் யாராலும் பேச முடியாது. 1999-இல் தமிழ்நாடு அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகையைப் பள்ளியிலேயே பழக்க வேண்டும் என்று பேசலாம். போட்டித் தலைப்பை மாற்ற முடியாதுதான். அதற்குள் எந்த மூலையைப் பேசப்போகிறீர்கள் என்பது உங்கள் கையில் இருக்கிறது.

## அறிகுறி 4: கடைசி வரிசைக்குக் கேட்கவில்லை

மைக்: கையில் பிடிப்பதானால் வாயிலிருந்து நான்கு விரல் தூரம், மேசையில் பொருத்தியதானால் ஒரு சாண். "ப" வரும்போதெல்லாம் வெடித்தால் மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல் சற்றுக் கீழே அல்லது பக்கவாட்டில் வையுங்கள். ஊளையிட்டால் நீங்கள் ஸ்பீக்கர் பெட்டிக்கு முன்னால் நிற்கிறீர்கள், அல்லது மைக்கின் தலையைக் கையால் பொத்தியிருக்கிறீர்கள். இரண்டும் இல்லையென்றால் மைக் செட்காரரிடம் ஒலியைக் குறைக்கச் சொல்லுங்கள்.

வாக்கியத்தின் முடிவு விழுகிறதா? ஒலி மட்டும் கேட்டுப் பார்த்தால் பிடிபடும். "வேண்டும்", "வேண்டியதில்லை", "முடியாது" என்று நம் வாக்கியத்தின் முடிவான பொருளே கடைசிச் சொல்லில் இருக்கிறது. மூச்சு தீர்ந்து அந்தச் சொல் விழுங்கப்பட்டால் கருத்தே போய்விடும். வாக்கியத்தைச் சுருக்கி, கடைசிச் சொல்லுக்கு மூச்சை மிச்சம் வையுங்கள்.

தொண்டை கட்டியிருக்கிறதா? பேச்சைக் குறையுங்கள், தண்ணீர் அடிக்கடி குடியுங்கள். கிசுகிசுத்துப் பேசுவதும் தொண்டையைச் செருமிக்கொண்டே இருப்பதும் குரல்நாணுக்கு இன்னும் சிரமம். போட்டிக்கு முந்தின நாள் கத்திக் கத்தி ஒத்திகை பார்க்கக் கூடாது. கரகரப்பு மூன்று வாரம் தாண்டினால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள். விழுங்கும்போது வலி, மூச்சுத் திணறல், இரத்தம் இருந்தால் அன்றே போங்கள்.

## அறிகுறி 5: ல, ள, ழ குழம்புகின்றன

"ல" ஒலிக்க நாக்கின் நுனி மேற்பல்லின் அடியைத் தொடும். "ள" ஒலிக்க நுனி பின்னோக்கி வளைந்து மேலண்ணத்தைத் தொடும். "ழ" ஒலிக்க அதேபோல் வளையும், ஆனால் எதையும் தொடாது. வலி, வளி, வழி. தலை, தளை, தழை. விலை, விளை, விழை. கலை, களை, கழை. இந்தச் சொற்களை வரிசை கலைத்து, மொத்தம் இருபது சொல் வரும்படி சொல்லுங்கள். உங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தவர் தன் காதில் விழுந்ததை எழுதட்டும். பதினெட்டு சரியானால் மேடைக்குப் போதும். குறைந்தால், எந்த எழுத்து தவறுகிறதோ அதை மட்டும் தினம் ஐந்து நிமிடம் பழகுங்கள்.

தென்மாவட்டங்களிலும் யாழ்ப்பாணத்திலும் பேச்சில் "ழ" பெரும்பாலும் "ள" ஆகவே ஒலிக்கும். அது வட்டார வழக்கு, குறையல்ல. போட்டியில் உச்சரிப்புக்கு மதிப்பெண் இருப்பதால் மேடைக்காகப் பழகினால் போதும்.

திக்கல் வேறு வகை. சொல்லின் முதல் எழுத்தில் அடைத்துக்கொள்வது, ஒரே ஒலி திரும்பத் திரும்ப வருவது, சொல்லைத் தவிர்க்கச் சுற்றி வளைப்பது ஆகியவை வகுப்புப் பயிற்சியால் தீராது. "நிதானமாப் பேசு" என்று சொல்வதும் அவருக்காகச் சொல்லை முடித்துவைப்பதும் அழுத்தத்தைக் கூட்டும். பேச்சுச் சிகிச்சை நிபுணரிடம் (ஸ்பீச் தெரபிஸ்ட்) அனுப்புங்கள். பல அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் காது மூக்கு தொண்டைப் பிரிவில் கேட்டால் வழிகாட்டுவார்கள். மைசூருவில் இதற்கென்றே அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனம் இருக்கிறது. திக்கல் உள்ளவரைப் பேச்சுப் போட்டியிலிருந்து விலக்க வேண்டாம்; அவருக்கு நேரச் சலுகை கேளுங்கள்.

## அறிகுறி 6: கை நடுக்கம், வாய் உலர்தல்

மேடை ஏறும் முன்பு மட்டும் வந்து, பேசத் தொடங்கிய ஒரு நிமிடத்தில் குறைந்தால் இது இயல்பு. நான்கு எண்ணும் வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும் வரை விடுங்கள், ஐந்து சுற்று. நடுங்கும் கையில் பெரிய தாள் இருந்தால் நடுக்கம் பெரிதாகத் தெரியும், அட்டை அதை மறைக்கும். அரை மணி நேரம் முன்பே அரங்குக்குப் போய், காலி மேடையில் நின்று முதல் இரண்டு வாக்கியத்தைச் சொல்லிப் பாருங்கள்.

உரை முழுவதும் நடுக்கம் நீடித்தால் கேட்பவர் எண்ணிக்கையைப் படிப்படியாகக் கூட்டுங்கள்: ஒருவர், மூவர், பத்துப் பேர், பிறகு வகுப்பு. ஒரு படியில் இரண்டு முறை நடுக்கம் இல்லாமல் முடிந்தால்தான் அடுத்த படி.

படபடப்பைக் குறைக்க யாரோ கொடுத்த புரோப்ரனலால் மாத்திரையைப் போட வேண்டாம். ஆஸ்துமா உள்ளவருக்கு அது ஆபத்து. மருத்துவர் எழுதிக் கொடுக்காமல் எடுக்கக் கூடாது. பேச்சு வகுப்பு உள்ள நாளெல்லாம் விடுப்பு, வாரக்கணக்கில் தூக்கமின்மை, மூச்சடைப்பு என்று போனால் மனநல ஆலோசகரைப் பாருங்கள். இந்தியாவில் அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம்.

## அறிகுறி 7: விவாதத்தில் இரு அணியும் வெவ்வேறு தலைப்பில் பேசுகின்றன

"பள்ளிகளில் கைபேசியைத் தடை செய்ய வேண்டும்" என்ற தலைப்பை எடுத்துக்கொள்வோம். ஓர் அணி தொடக்கப் பள்ளியை நினைத்துப் பேசுகிறது, மற்றது பன்னிரண்டாம் வகுப்பை. ஆதரவணியின் முதல் பேச்சாளர் வரையறை செய்யாததே காரணம். முதல் முக்கால் நிமிடத்துக்குள் எந்த வகுப்பு, வகுப்பறையிலா வளாகம் முழுதுமா, திறன்பேசி மட்டுமா, மருத்துவத் தேவைக்கு விலக்கு உண்டா என்று சொல்லிவிடுங்கள். எதிரணி பேசவே இடமில்லாதபடி குறுக்கி வரையறுத்தால் நடுவர் மதிப்பெண்ணைக் குறைப்பார். எதிரணிக்கு வரையறையில் உடன்பாடு இல்லையென்றால் அவர்களுடைய முதல் பேச்சாளரே சொல்ல வேண்டும்; மூன்றாமவர் சொன்னால் எடுபடாது.

## அறிகுறி 8: மூவரும் ஒரே கருத்தைப் பேசுகிறார்கள்

தனித்தனியாக எழுதிக்கொண்டு வந்ததன் விளைவு. ஒரே மேசையில் உட்கார்ந்து வேலையைப் பிரியுங்கள். முதல்வருக்கு வரையறையும் இரண்டு வாதமும். இரண்டாமவருக்கு மறுப்பும் ஒரு புது வாதமும். மூன்றாமவருக்கு ஏறக்குறைய முழுதும் மறுப்பு. பள்ளி அணிகளுக்கான பன்னாட்டுப் போட்டி முறையான உலகப் பள்ளிகள் விவாத முறையில் மூவருக்கும் தலா 8 நிமிடம். பிறகு முதல்வரோ இரண்டாமவரோ 4 நிமிடத் தொகுப்புரை தருவார். தொகுப்புரையில் புது வாதம் கூடாது.

## அறிகுறி 9: மறுப்பு எழவில்லை

மூன்றாமவர் வீட்டில் எழுதிய உரையை அப்படியே ஒப்பிக்கிறார்; அல்லது "எதிரணியினருக்கு ஒன்றும் தெரியவில்லை" என்று சாடுகிறார். இரண்டுக்கும் வேர் ஒன்றுதான்: எதிரணி பேசியபோது யாரும் கேட்கவில்லை.

குறிப்புத் தாளைப் பாருங்கள். முழுத்தாளைக் கிடைமட்டமாக வைத்து, பேச்சாளருக்கு ஒரு நெடுக்குக் கட்டமாகக் கோடு போடுங்கள். எதிரணி சொன்னது நீல மையில். அதற்கு நேராக உங்கள் பதில் சிவப்பில். சிவப்பு இல்லாத நீல வரி எல்லாம் நீங்கள் ஒப்புக்கொண்டதாகவே நடுவர் எடுத்துக்கொள்வார்.

மறுப்பின் அமைப்பைப் பாருங்கள். அவர்கள் சொன்னது என்ன, நாங்கள் ஏன் ஏற்கவில்லை, சான்று என்ன, அதனால் தலைப்புக்கு என்ன ஆகிறது. இந்த நான்கும் 40 நொடிக்குள் வர வேண்டும். நான்காவதைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள்.

எங்கே அடிப்பது? வரிசையாகக் கேளுங்கள். அவர்கள் சொன்ன தகவல் தவறா? சரியென்றால், தலைப்புக்குத் தொடர்பு உண்டா? அதுவும் உண்டென்றால், எங்கள் வாதத்தைவிடக் கனமானதா? முதல் கேள்வியிலேயே மாட்டும் சான்றுகள் நிறைய. "பள்ளியில் கைபேசியைப் பிரான்சும் நெதர்லாந்தும் சட்டம் போட்டுத் தடுத்துவிட்டன" என்று ஓர் அணி சொல்கிறது. பிரான்சில் 2018-இல் வந்தது சட்டம். நெதர்லாந்தில் 2024 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது பள்ளிகளுடன் செய்துகொண்ட உடன்பாடு. விதிகளைப் பள்ளிகளே வகுத்துக்கொள்கின்றன. இந்த வேறுபாட்டைப் பிடித்த எதிரணி "சட்டம் இல்லாமலே செய்ய முடியும் என்பதற்கு உங்கள் சான்றே சாட்சி" என்று திருப்பிவிடும். உங்கள் சான்றுகளை நீங்களே இப்படி முதலில் உடைத்துப் பாருங்கள். அதற்கு நல்ல வழி, போட்டிக்கு இரண்டு நாள் முன்பு அணி மாறி எதிர்த்தரப்பில் ஒரு முழுச் சுற்று பேசுவது.

பட்டிமன்றப் பாணி கலந்திருக்கிறதா? நகைச்சுவையும் கவிதையும் பட்டிமன்றத்தின் உயிர். விவாதப் போட்டியின் மதிப்பெண் தாளில் அவற்றுக்கு இடம் சிறிது. கைதட்டல் வாங்கிவிட்டுத் தோற்கும் அணிகள் பெரும்பாலும் இதில்தான் தோற்கின்றன. மதிப்பெண் தாளை முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள். உலகப் பள்ளிகள் முறையில் உள்ளடக்கத்துக்கு 40, நடைக்கு 40, உத்திக்கு 20.

## அறிகுறி 10: குறுக்குக் கேள்வி வந்ததும் தடுமாற்றம்

உரையின் நடுவே எதிரணி எழுந்து கேட்கும் கேள்வியை, பேசிக்கொண்டிருக்கும் வாக்கியத்தை முடிக்காமலே ஏற்கிறீர்கள். கையால் "இருங்கள்" என்று காட்டி, வாக்கியத்தை முடித்து, பிறகு ஏற்றுக்கொள்ளுங்கள். பதில் இரண்டு வாக்கியம். உடனே விட்ட இடத்துக்குத் திரும்புங்கள். உலகப் பள்ளிகள் முறையின் 8 நிமிட உரையில் முதல் நிமிடமும் கடைசி நிமிடமும் கேள்விக்கு மூடியவை. இடையில் இரண்டை ஏற்றால் போதும். வரக்கூடிய கேள்விகள் ஆறை எழுதி, அணியில் ஒருவர் திடீர் திடீரென்று குறுக்கிட்டுக் கேட்கட்டும்.

வெவ்வேறு நடுவர்கள் இருந்தும் மூன்று பயிற்சிச் சுற்றுகளில் ஒரே பிரிவில் மதிப்பெண் குறைந்தால் உங்கள் அணிக்குள்ளிருந்து அதைத் திருத்துவது கடினம். விவாத நடுவராக அனுபவமுள்ள வெளியாள் ஒருவரை ஒரு மணி நேரத்துக்கு அழைத்து, எழுதிய உரைகளுக்குப் பதிலாகப் பதிவையும், நீலமும் சிவப்பும் உள்ள குறிப்புத் தாள்களையும், மதிப்பெண் தாளையும் அவரிடம் கொடுங்கள்.